‘மை பேட்’ போதாத இடம்

எங்கள் மிளகுக் குழுவில் பன்னிரண்டு வீடுகள். மிளகு வாங்கும் பெங்களூர் கம்பெனிக்குப் பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கைபேசி எண்ணைத்தான் கொடுத்திருக்கிறோம். அது என் தங்கை தேன்மொழியின் எண். எங்கள் மலையின் திருப்புலி நாட்டில், எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். இப்போது இருபத்தாறு வயது. நான் எட்டாவதோடு நின்றவள். அவளைவிட ஏழு வயது மூத்தவள். அவள் நடை பழகியதும், பேச்சு வந்ததும், முதல் முறை நாமக்கல் பேருந்தில் ஏறியதும் எந்தத் தேதியில் என்று கேட்டால் சொல்வேன்.

கம்பெனி சார்பில் எங்களோடு பேசுகிறவர் ரமேஷ்குமார். அவருடைய அப்பாவுக்கு ராசிபுரம் பக்கம். இவர் பிறந்து வளர்ந்தது பெங்களூரில். தமிழ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் செய்தி எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். போன வருடம் ஐப்பசியில், சாக்கின் மேல் ஒட்டும் சீட்டின் மாதிரியை அனுப்பினார். அதில் எங்கள் ஊர்ப் பெயருக்குப் பதிலாக வேறு மலை ஊரின் பெயர் இருந்தது. தேன்மொழி அதைச் சுட்டிக்காட்டி எழுதினாள். இரண்டே சொல்லில் பதில் வந்தது: ‘மை பேட்’.

“மைன்னா என்னோடது. பேடுன்னா கெட்டது. என்னோட கெட்டதா? என்னக்கா இது?” என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

“ஏதாச்சும் கெட்ட வார்த்தையா இருக்கப்போவுது, வெளிய கேட்டுட்டுத் திரியாதே” என்றேன்.

கூடப் படித்த ஒருத்திக்குப் போன் போட்டுக் கேட்டாள். ‘என் தப்புத்தான்’ என்று சொல்வதற்கு அங்கே இப்படி ஒரு பேச்சு இருக்கிறதாம். இளவட்டங்கள் பேசுவதாம், புத்தகத்தில் எழுதுவதில்லையாம். அதோடு விட்டிருக்கலாம். தேன்மொழி விடவில்லை. ரமேஷ்குமார் அந்த இரண்டு சொல்லை எப்போதெல்லாம் எழுதுகிறார் என்று பார்க்க ஆரம்பித்தாள். எனக்கும் எதையும் குறித்துவைக்காமல் இருக்க முடியாது. அவள் சொல்லச் சொல்ல நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். கார்த்திகை முடிவதற்குள் ஆறு தடவை வந்திருந்தது. சாப்பாட்டு வேளையில் போன் செய்துவிட்டதற்கு ஒரு தடவை. குழுத் தலைவி சுகுணாவின் பெயரைச் சுகன்யா என்று எழுதியதற்கு ஒரு தடவை. அனுப்புகிறேன் என்ற படத்தை அனுப்ப மறந்ததற்கு இரண்டு தடவை. இப்படி.

எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துவிட்டு அவள் சொன்னாள்: “கவனிச்சியாக்கா? இதைச் சொன்னதுக்கப்புறம் அவரு காரணமே சொல்றதில்ல. வேலை அதிகம், உடம்பு சரியில்ல, எதுவும் இல்ல. தப்பு என்னோடதுன்னு சொல்லீட்டு, ஒடனே அதைச் சரி பண்ணீட்டுப் போயிர்றாரு.”

அது உண்மைதான். எங்கள் பக்கம் யார் கையிலிருந்து சட்டி விழுந்தாலும் ‘சட்டி விழுந்துருச்சு’ என்போம். ஆடு அடுத்தவர் காட்டில் மேய்ந்தால் ‘ஆடு போயிருச்சு’ என்போம். அவிழ்த்துவிட்டவர் யார் என்பது பேச்சிலேயே வராது. ‘என் தப்பு’ என்கிற சொல்லை நான் கேட்டதெல்லாம் ஊர்க் கூட்டத்தில்தான். அங்கே அதைச் சொன்னால் எல்லோர் முன்னாலும் விழுந்து கும்பிட்டு எழ வேண்டும். அவ்வளவு கனமான சொல்லைச் சட்டிக்கும் ஆட்டுக்கும் யார் எடுத்துச் செலவழிப்பார்கள்?

அதனால்தானோ என்னவோ, இந்த இரண்டு சொல் எங்கள் வீட்டுக்குள் சீக்கிரம் நுழைந்துவிட்டது. எங்கள் அப்பா சின்னக்கண்ணு ஒரு நாள் தயிர்ச் சட்டியைக் காலால் தட்டிவிட்டு, அம்மா வாயைத் திறப்பதற்குள் “மை பேட்டு, மை பேட்டு” என்று கையைத் தூக்கினார். வாசலில் நின்றிருந்த பாப்பாயி அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தை அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. குழுவில் ஒரு வீடு அவருடையது.

“ஏண்ணா, நாப்பது வருசமா எங்கண்ணிகிட்ட ஒரு தப்பும் ஒத்துக்காத மனுசன், இங்கிலீசுன்னதும் ஒத்துக்கிட்டயே!”

“இதுல வலிக்கலை பாப்பாயி. நீயும் சொல்லிப் பாரு.”

“நான் தப்புப் பண்ணினாத்தானே சொல்றதுக்கு” என்றார் அத்தை.

பிறகு குழுவில் பெண்கள் எல்லோருக்கும் அது விளையாட்டுப் பேச்சாகிவிட்டது. எடை போடுகையில் படிக்கல் மாறினால் மை பேட். தேநீரில் சர்க்கரை குறைந்தால் மை பேட்.

மார்கழியில் ஒரு நாள், மாதிரிக்கு மிளகு எடுக்க வண்டி வரும் என்று ரமேஷ்குமார் சொல்லியிருந்தார். பத்துப் பெண்கள் சாக்கோடு ரோட்டோரம் போய் நின்றோம். தூறல் வேறு. சாயங்காலம் வரை நின்றும் வண்டி வரவில்லை. நாள் மாறிப்போனதை எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார். கேட்டதும் வழக்கம்போல அதே இரண்டு சொல் வந்தது. தேன்மொழி அவருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“ஏனுங்க, பேரை மாத்தி எழுதினதுக்கு அதைச் சொன்னீங்க, செரி. பத்துப் பேரு மழையில நின்னதுக்கும் அதேதானுங்களா? இதுக்கு அது பத்தாதுங்க.”

ரமேஷ்குமார் உடனே சுகுணாவின் எண்ணை வாங்கி, அவரிடமே பேசி, தன்னால்தான் எல்லோரும் நிற்க வேண்டியதாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாராம். சுகுணாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தேன்மொழி என் தாளை வாங்கி ஏழாவது வரியாக இதையும் எழுதினாள். ‘அடுத்தவருக்குக் கஷ்டம் வந்துவிட்டால் இந்தச் சொல் ஆகாது’ என்று பக்கத்தில் குறித்தாள்.

தை பிறந்ததும் கம்பெனியிலிருந்து நிபந்தனைத் தாள் வந்தது. இரண்டு பக்கம், பதினொரு நிபந்தனை, எல்லாம் ஆங்கிலம். அதைப் படித்துச் சொல்வதற்காகப் பாப்பாயி அத்தையின் களத்தில் கூட்டம் போட்டார்கள். ஊரிலேயே பெரிய களம் அது. நான்கு வீட்டு மிளகு அங்கேதான் காயும். கூட்டம் என்பதால் அத்தை விடியலிலேயே எழுந்து, சாணியைத் தண்ணீரில் கரைத்து, சக்கை இல்லாமல் வடிகட்டி, களம் முழுக்க மெழுகிவைத்திருந்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லோரும் அதன் மேல்தான் உட்கார்ந்தோம். தேன்மொழி ஒவ்வொரு நிபந்தனையாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பழுக்காத காயைப் பறிக்கக் கூடாது. கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். உர மூட்டைச் சாக்கில் கட்டக் கூடாது. இப்படி ஆறு ஆயிற்று. ஏழாவதற்கு வந்தபோது சற்று நிறுத்தினாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

“களம் நல்லாச் சுத்தமா இருக்கோணுமாம்” என்றாள்.

பாப்பாயி அத்தை சிரித்தார். “அதை நம்மகிட்டச் சொல்றாங்களாக்கும்! அவங்க ஊட்டுத் தரைய வேணும்னா இங்க வந்து பார்த்துட்டுப் போயிக் கழுவச் சொல்லு சாமி.”

எல்லோரும் சிரித்தோம். தேன்மொழி எட்டாவதற்குப் போய்விட்டாள்.

மாசியில் இருபது மூட்டை மிளகு கம்பெனிக்குப் போயிற்று. எந்த மூட்டை எந்தக் களத்திலிருந்து வந்தது என்று சாக்கின் மேல் எண் உண்டு. அதைப் போட்டது நான். பன்னிரண்டு நாள் கழித்து ரமேஷ்குமார் பேசினார். பரிசோதனையில் ஐந்திலிருந்து ஒன்பது வரையுள்ள மூட்டைகளில் மாட்டுச் சாணத்தில் இருக்கும் கிருமி இருக்கிறதாம். ஐந்தும் பாப்பாயி அத்தையின் களத்து மூட்டைகள்.

“அந்தக் களத்துல காயப்போடற நாலு வீட்டை மட்டும் குழுவிலேந்து எடுத்துடுங்க. மத்த எட்டு வீட்டு மிளகை நாங்க வாங்கிக்கறோம். அடுத்த வருஷமும் வாங்கறோம். சொல்லியும் கேக்காதவங்களை வெச்சுக்க முடியாது இல்லையா?” என்றார்.

இது ஊரில் எப்படியோ அன்றைக்கே பரவிவிட்டது. பாப்பாயி அத்தை தண்ணீர் எடுக்கக்கூட வெளியே வரவில்லை. அவருடைய களத்து மிளகு அசுத்தம் என்று ஒரு கம்பெனி சொல்லிவிட்டது. கம்பெனிக்குப் போகிற மிளகு என்பதற்காகவே, காயப்போடுவதற்கு முந்தின நாள் ஒன்றுக்கு இரண்டு தடவை மெழுகியவர் அவர்.

மறுநாள் காலையில் நானும் தேன்மொழியும் எங்கள் காட்டில் கடைசிக் கொடிகளில் மிளகு பறித்துக்கொண்டிருந்தோம். அவள் மூங்கில் ஏணியில் மேலே, நான் கீழே கூடையோடு. பறிக்கிற சத்தம் நின்றது. ஏணியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, ஏழாவது நிபந்தனையில சுத்தம்னு மட்டும் போடல. சாணி மெழுகின தரையில காயப்போடக் கூடாதுன்னே போட்டிருந்துச்சு. தார்ப்பாய் விரிச்சுத்தான் போடோணுமாம். அத்தை மெழுகின களத்துல உக்காந்துட்டு, அவங்க மூஞ்சியப் பார்த்துட்டு, எனக்கு வாய் வரல. அப்புறமாத் தனியாச் சொல்லிக்கலாம்னு விட்டேன். பறிப்பு ஆரம்பிச்சதும் அங்கயும் இங்கயும் ஓடினதுல சொல்லவே இல்ல.”

அப்போது நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். “இங்கிலீசு படிக்கறவ நீ ஒருத்திதான். நீ சொல்லலீன்னா ஆருக்குத் தெரியப்போவுது?”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நான் அப்படித்தான் சொல்வேன் என்று முன்பே தெரிந்தவள் மாதிரி பார்த்தாள். கைபேசியை எடுத்துக் காட்டினாள். ரமேஷ்குமாருக்கு எழுத ஆரம்பித்து அழித்திருந்தாள். “மொதல்ல அந்த ரெண்டு வார்த்தையைத்தான் எழுதினேன். எழுதிப் பார்த்தா எனக்கே வெக்கமா இருந்துச்சு. நாலு ஊட்டுப் பொழப்புக்கா.”

சொல்லாமல் இருந்தால் எட்டு வீட்டு மிளகு விற்கும், அவள் பெயரும் கெடாது. அத்தையும் மற்ற மூன்று வீடும் வெளியே போக வேண்டும். சொன்னால் கம்பெனி மொத்தத்தையும் திருப்பிவிடலாம், பன்னிரண்டு வீடும் அவளைத் திட்டும். இதைக் கூட்டிக் கழிக்க எட்டாவது படிப்பு போதும். அன்று பதினோரு மணிக்கு அவள் சுகுணாவின் வீட்டுக்குப் போனாள்.

சுகுணா கெட்டவர் அல்ல. குழுவைக் கட்டி நிறுத்தியவரே அவர்தான். கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டார். “அய்யோ அம்மிணி, வாய மூடு. கொண்டை ஊசி வளைவுல வண்டி நின்னு மழையில நனைஞ்சு போச்சுன்னு எழுதிப்போடு. மழை மேல பழி போட்டா மழை சண்டைக்கா வரப்போவுது?”

“கிருமி சாணியோடதுன்னு கண்டுபுடிச்சிருக்காங்க அக்கா. மழைக்குச் சாணி ஏது?”

“அப்ப அத்தையே ஒரு வருசம் ஒதுங்கி இருக்கட்டும்.”

“பண்ணாத தப்புக்கா?”

அன்று மாலையே சுகுணா தன் வீட்டு வாசலில் கூட்டம் போட்டார். பாப்பாயி அத்தையை அப்பாவே போய்க் கூட்டிவந்தார். அத்தை யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்தார்.

தேன்மொழி எழுந்து நின்றாள். வாய் திறந்ததும் பழக்க தோஷத்தில் “மை பேட் அத்தை” என்று வந்துவிட்டது.

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். பாப்பாயி அத்தை நிமிர்ந்தார். “சிரிக்கற நேரமா அம்மிணி இது? சொல்றதை நம்ம பேச்சுல சொல்லு.”

அவள் சொன்னாள். ஏழாவது நிபந்தனையில் என்ன எழுதியிருந்தது, தான் என்ன சொன்னாள், மீதியை ஏன் விழுங்கினாள், பிறகும் எத்தனை நாள் சொல்ல நேரம் இருந்தது என்று ஒன்றையும் விடவில்லை. “நீங்க கேட்டபடி சுத்தமாத்தான் பண்ணுனீங்க. கேக்கவேண்டியதை நாந்தான் சொல்லல. தப்பு உங்களுது இல்லீங்க அத்தை, என்னோடது” என்று முடித்து, எல்லோர் முன்னாலும் விழுந்து கும்பிட்டாள். யாரும் அவளை விழச் சொல்லவில்லை.

“ஏன் அப்பவே சொல்லல? நான் என்ன அடிச்சிருப்பனா?” என்று கேட்டார் அத்தை.

“மெழுகின தரைய அசுத்தம்னு சொன்னா வருத்தப்படுவீங்கன்னு…”

“இப்ப வருத்தப்படலையாக்கும்? ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு!”

தேன்மொழி காரணத்தை ஒரு தடவை சொல்லிவிட்டாள். மறுபடி அதன் பின்னால் ஒளியவில்லை. அங்கேயே கைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, ரமேஷ்குமாரிடம் அதே வார்த்தைகளைத் தமிழிலேயே சொன்னாள். முடிந்ததும் அவர், “இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே நீங்க” என்றார்.

“இருந்திருக்கலாமுங்க.”

மறுநாள் கம்பெனியின் முடிவு வந்தது. பாப்பாயி அத்தை மேலும் மற்ற மூன்று வீட்டார் மேலும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நிபந்தனை முழுதும் யாருக்குமே சொல்லப்படாததால் இருபது மூட்டையில் எதையும் நம்பி எடுக்க முடியாது. மொத்தமும் திரும்பி வருகிறது.

திரும்பி வந்தது. வழக்கமாக மலைக்கு வரும் வியாபாரிகளிடமே, அவர்கள் சொன்ன விலைக்குப் போட்டோம். இரண்டு வீடு குழுவைவிட்டுப் போயிற்று. போகும்போது ஒருத்தி என் காதுபட, “படிச்ச புள்ளைன்னு போனைக் குடுத்தோம், நல்லாப் படிச்சுக் குடுத்துச்சு” என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை.

குழுவின் அடுத்த கூட்டத்தில், கம்பெனியோடு பேசுகிற வேலையைத் தேன்மொழியிடமிருந்து எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. அவளே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். யாருக்குக் கொடுப்பது என்று கேட்டபோதுதான் எல்லோரும் பாப்பாயி அத்தையின் வாயைப் பார்த்தார்கள். அவர்தான் அதிகம் பட்டவர்.

அத்தை வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார். “வேற ஆருக்கு இங்கிலீசு தெரியும்? உனக்குத் தெரியுமா சுகுணா? எனக்குத் தெரியுமா? அவளே வெச்சிருக்கட்டும். இனி ஒரு வரி உட்டீன்னு தெரிஞ்சுது, நானே வந்து போனைப் புடுங்கி ஓடையில போட்டுருவேன் கண்ணு.”

“செரிங்க அத்தை.”

“என்னைய வையறாப்புல எழுதியிருந்தாலும் படிக்கோணும்.”

“படிக்கறேனுங்க.”

அதன் பிறகும் இரண்டு மாதம் அத்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் என்னிடம் பேசுவார், தேன்மொழியிடம் தலையை மட்டும் ஆட்டுவார். அவளும் போய்க் கெஞ்சவில்லை. ஆடி மாதம் ஒரு நாள் அத்தையே ஆள் விட்டு அவளைத் தன் களத்துக்குக் கூப்பிட்டார். நானும் போனேன். களத்தின் நடுவில் ஒரு வரிசை கல் வைத்திருந்தார். ஒரு பாதி மெழுகியிருந்தது. மறுபாதியைச் சுரண்டி, கழுவி, வெறும் மண்ணாகக் காயவிட்டிருந்தார்.

“இந்தப் பக்கம் எங்க ஊட்டுச் சாமைக்கும் கேவுருக்கும். எங்க சாமி அதுலதான் வருவாரு. அந்தப் பக்கம் உங்க கம்பெனிக்கு. அதுல தார்ப்பாய் எப்படி விரிக்கோணும், காத்துல பறந்தா என்ன பண்ணோணும், கோழி ஏறாம என்ன கட்டோணும், எல்லாம் வந்து காட்டு. வாயில சொன்னா நான் நம்பமாட்டேன்.”

தேன்மொழி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். தார்ப்பாயின் நான்கு மூலைக்கும் நான்கு கல் என்று அவள் சொல்ல, அத்தை ஆறு வைத்தார். அவர் வைத்ததுதான் காற்றுக்கு நின்றது.

இந்த வருடம் தையில் மிச்சமிருந்த பத்து வீட்டுக்கும் சேர்த்து மாதிரிக்கு மூன்று மூட்டை மட்டும் கேட்டார்கள், அனுப்பினோம். அதில் ஒன்று அத்தையின் களத்தது. போன செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. மூன்றிலும் ஒரு குறையும் இல்லையாம். இந்தப் பறிப்பில் எத்தனை மூட்டை தர முடியும் என்று ரமேஷ்குமார் கேட்டிருக்கிறார். சுகுணா, முப்பது என்று உடனே எழுதச் சொல்லித் துரத்திக்கொண்டிருக்கிறார். தேன்மொழி இன்னும் எழுதவில்லை. நேற்று நான்கு களம் பார்த்துவிட்டாள். இன்று காலை மிச்சம் மூன்றையும் பார்க்கக் கிளம்பிப் போயிருக்கிறாள்.